மஞ்சள் வைக்காத நட்டு

இட்லியை எடுத்துப் போகச் சொல்லாதீர்கள் இன்ஸ்பெக்டர் அம்மா. மேசை ஓரத்திலேயே இருக்கட்டும். காலையில் உங்கள் காவலர் குமார் வாங்கி வந்து வைத்தார். நல்ல பிள்ளை. சட்னியைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லி வாங்கியிருக்கிறார். நான் தொடவில்லை என்று அவருக்கு வருத்தம். சாயங்காலம் ஆகிவிட்டது, புளித்திருக்கும், வேறு வாங்கி வருகிறேன் என்கிறார். வேண்டாம். இட்லிமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பிடாததற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல மற்றதையெல்லாம் முதலில் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் என்னிடம் கேட்டது சின்னக் கேள்வி. பூபாலன் காரில் அன்று காலை டீசல் பைப்பை மாற்றியது நான்தானா என்று. ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக்கூட மூடிவிட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு நான் போயிருக்கலாம். அப்போது நீங்கள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, “வேற எதாவது தெரிஞ்சா சொல்லுங்க பெரியவரே, உதவியா இருக்கும்” என்றீர்கள். அதனால்தான் மறுபடி உட்கார்ந்தேன். இந்தப் பத்தொன்பது நாளில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை.

என் பெயர் திருவேங்கடம் என்பது உங்களுக்குத் தெரியும். பட்டிபுலத்தில், கடற்கரைச் சாலை ஓரத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலை. டீசல் என்ஜின்களுக்கான உயரழுத்தக் குழாய் செய்கிற கம்பெனி. பென்சில் கனத்தில் வளைந்த இரும்புக் குழாய். பம்பிலிருந்து டீசலை என்ஜினுக்குள் தள்ளும். சைக்கிள் டியூபில் இருக்கும் காற்றைப் போலப் பல நூறு மடங்கு அழுத்தம் அதற்குள் இருக்கும். அந்தக் குழாய்களைச் சோதித்து அனுப்புகிற மேசையில் நான் இருந்தேன். அதனால் அந்தக் குழாயின் குணம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு தடவை கழற்றினால் அதையே திரும்ப மாட்டக் கூடாது. புதிது போட வேண்டும். நட்டைக் கையால் சுற்றி, பிறகு அளவு பார்க்கும் ஸ்பேனரால் சரியான அளவுக்கு முறுக்க வேண்டும். கசிகிறதா என்று கையை வைத்துப் பார்க்கக் கூடாது. தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெள்ளை அட்டையைப் பக்கத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் நட்டின்மேல் மஞ்சள் பெயின்டில் ஒரு பொட்டு வைப்பேன். இந்த நட்டுக்கு நான் பொறுப்பு என்று அர்த்தம். அந்த வழக்கம் கம்பெனியிலிருந்து வந்தது. ஷெட்டிலும் அதை விடவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் என் மனைவி விஜயகுமாரிக்கு நெஞ்சு வலித்தது. பைக்கில் உட்கார வைத்துச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். பரனூர் தாண்டியதும் செயின் அறுந்துவிட்டது. போனில் சார்ஜ் இல்லை. அவளை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, போகிற வண்டிகளைக் கைகாட்டினேன். நாற்பத்து மூன்று வண்டிகள் போயின. எண்ணினேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, “வுடுங்க, அவங்கவங்களுக்கு இன்னா அவசரமோ” என்றாள். யார்மேலும் குறை சொல்லாத மனுஷி. நாற்பத்து நான்காவது வண்டி நின்றது. அப்போது அவள் இல்லை.

நான் யாரையும் சபிக்கவில்லை அம்மா. வருஷம் திரும்பியதும் திருவிடந்தைப் பெருமாள் சந்நிதியில் நின்று ஒரு வேண்டுதல் எடுத்துக்கொண்டேன். தினமும் வழியில் தவிக்கிற ஒருவருக்காவது உதவி செய்யாமல் வாயில் சோறு வைப்பதில்லை. அவ்வளவுதான். கம்பெனி வேலையை விட்டேன். கடற்கரைச் சாலையில் ஷெட் போட்டேன். தண்ணீர்ப் பானை, நிழலுக்கு ஒரு பெஞ்சு, பெஞ்சுமேல் ஒரு சீப்பு வாழைப்பழம். காசு வாங்கிச் செய்கிற வேலை உதவியில் சேராது. அதில் நான் கண்டிப்பாக இருந்தேன். வழியில் நின்றுபோனவர்களுக்குச் செய்வதற்குக் காசு வாங்க மாட்டேன். தெரிந்தவன், தெரியாதவன், எந்த ஊர், எந்தச் சாமி, எதையும் கேட்க மாட்டேன். முதல் நாலு வருஷம் ஒரு நாள்கூடப் பட்டினி கிடந்ததில்லை. அந்தச் சாலையில் அவ்வளவு பேர் தவித்தார்கள்.

பிறகு குறைந்துவிட்டது. வண்டிகள் புதிதாகிவிட்டன. எங்காவது நின்றால் போனில் ஒரு எண்ணை அழுத்துகிறார்கள், லாரி வந்து தூக்கிப் போகிறது. வாரத்தில் இரண்டு நாள் பட்டினி, பிறகு மூன்று நாள். எனக்குச் சர்க்கரை உண்டு. மயக்கம் வரும். அதைவிட, ராத்திரி விளக்கேற்றிப் பெருமாள் படத்துக்கு முன் நின்றால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அது பசியைவிடக் கஷ்டம்.

முதல் தடவை, சத்தியமாக, நான் திட்டமிடவில்லை. செங்கல்பட்டில் ஒரு ரிட்டயர் ஆன வாத்தியார். அவருடைய காரில் பேட்டரியைத் துடைத்து மாட்டினேன். கிளம்பிப் போன பிறகுதான் ஒரு முனையைச் சரியாக இறுக்கவில்லை என்று ஞாபகம் வந்தது. பின்னாலேயே மொபெட்டில் போனேன். இரண்டு கிலோமீட்டரில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைக் கடவுள்தான் அனுப்பினார் என்றார். ஒரு நிமிஷ வேலை. அன்று நான் சாப்பிட்ட சாப்பாட்டின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அவர் இன்றும் பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார். அவருக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்?

அதற்குப் பிறகு பதினோரு வண்டிகள். நானே எண்ணிக்கை சொல்லிவிடுகிறேன், நீங்கள் தேட வேண்டாம். பெரும்பாலும் டீசல் வண்டிகள், எனக்குத் தெரிந்த குழாய் என்பதால். நட்டைக் கொஞ்சம் குறைவாக முறுக்கினால், நின்ற இடத்தில் ஓடும்போது ஒன்றும் தெரியாது. அட்டையில் ஈரம் படாது. சாலையில் வேகம் எடுத்த பிறகு கசியும், அழுத்தம் குறையும், வண்டி நின்றுவிடும். எத்தனை கிலோமீட்டரில் நிற்கும் என்று எனக்கு ஒரு கணக்கு வந்துவிட்டது. அந்த நட்டுகளுக்கு மட்டும் நான் மஞ்சள் வைக்க மாட்டேன். வைத்தால் அது பொய் ஆகிவிடும். நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். ஆள் உடனே வந்துவிட்டால் அது உதவியாகத் தெரிவதில்லை. என்ன, சரியாக வேலை செய்யவில்லையா என்றுதான் கேட்பார்கள். பத்து நிமிடமாவது போக வேண்டும். இறங்கி, பானெட்டைத் திறந்து, ஒன்றும் புரியாமல், போகிற வண்டிகளைக் கைகாட்டி, யாரும் நிற்காமல், மனசு விட்டுப்போகிற நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் போய் நின்றால்தான் அவர்கள் கடவுளைப் பார்ப்பார்கள். அதனால் பத்து நிமிடம் எங்காவது நிழலில் காத்திருப்பேன். பத்து நிமிடம் யாரையும் கொல்லாது என்று நினைத்தேன்.

அன்று துவாதசி. முந்தின நாள் ஏகாதசி, பட்டினி. அதற்கு முந்தின நாள் வழியில் யாரும் அகப்படவில்லை, அன்றும் பட்டினி. துவாதசி காலையில் சாப்பிட்டு விரதத்தை முடிக்க வேண்டும். அதற்கு ஓர் உதவி வேண்டும். பத்தரை மணிவரை சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் பூபாலன் வந்தான்.

பூபாலனை எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும். திருக்கழுக்குன்றத்துப் பையன். சிறுசேரியில் ஆபீஸ்காரர்களை ஏற்றி இறக்கும் கார். எல்லா வேலைக்கும் என்னிடம்தான் வருவான். கார் வாங்கின புதிதில், அவனுக்குப் பெண் அமையவில்லை என்று அவன் அம்மா செல்லம்மா என்னிடம்தான் சொல்லி வருத்தப்பட்டார். திருவிடந்தைக்குப் போகச் சொன்னதே நான்தான். வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்யாணம் ஆகாதவர்கள் அங்கே மாலை போட்டுக்கொண்டு சுற்றி வந்து, அந்த மாலையை வீட்டில் வைத்திருப்பார்கள். கல்யாணம் ஆனதும் ஜோடியாகப் போய், காய்ந்த மாலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்த வருஷமே கவியா அவனுக்கு மனைவியாக வந்தாள். ஆனால் சவாரி, சவாரி என்று மாலையைத் திருப்பிக் கொடுக்காமல் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தான். கவியாவுக்கு ஏழாம் மாதம். குழந்தை பிறப்பதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று செல்லம்மா பிடிவாதம் பிடித்து அன்று கிளப்பியிருக்கிறார். மூன்று பேரும் வந்தார்கள். கவியா மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் மாலை.

“நைனா, டீசல் வாசனை அடிச்சிகினே கீது. இழுவையும் இல்ல. இன்னான்னு பாரேன். பன்னண்டு மணிக்கு நட சாத்திடுவாங்க,” என்றான்.

பார்த்தேன். குழாயின் ஒரு முனை தேய்ந்திருந்தது. புதுக் குழாய் என்னிடம் இருந்தது. பின்பக்கத்துக் கதவு ஒன்று உள்ளிருந்து திறக்காது என்றும் சொன்னான். அதையும் பார்த்துத் தருகிறேன் என்றேன். நேரம் இல்லை, வருகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

நான் வேலை செய்துகொண்டிருக்கும்போது கவியா பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னாப்பா, மொகம் வாடிப் போய்க்கீது. நாஸ்தா துன்னலயா?” என்றாள்.

“நைனா சோறு துன்றத வுட்டு ரொம்ப நாளாச்சு,” என்றான் பூபாலன். “டீசல்தான். லிட்டருக்கு இருவது குடுப்பாரு.”

செல்லம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கவியா பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து என் பக்கம் நீட்டினாள். எலுமிச்சம் சாதம். சாமி கும்பிட்டுவிட்டுச் சாப்பிடக் கொண்டுவந்ததாம். வேண்டாம் தாயி, ஒரு வேண்டுதல் இருக்கிறது, அது முடியாமல் சாப்பிட மாட்டேன் என்றேன். அப்படியானால் முடிந்ததும் சாப்பிடுங்கள் என்று மூடி பெஞ்சில் வைத்துவிட்டாள். நாங்கள் வழியில் வாங்கிக்கொள்வோம் என்றாள்.

நான் அதை வாங்கிச் சாப்பிட்டிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். பல தடவை யோசித்துப் பார்த்தேன். ஆனால் வேண்டுதல் வேண்டுதல்தான் அம்மா. அது நம் இஷ்டத்துக்கு வளையாது.

குழாயை மாட்டினேன். நட்டை முறுக்கினேன். முழுதாக முறுக்கவில்லை. அந்த இடத்துக்குக் கை போவதற்காக டர்போமேல் இருக்கிற வெப்பத் தகட்டைக் கழற்றியிருந்தேன். அதைத் திருப்பி மாட்டவில்லை. நெருப்பாய்ச் சூடாகிற அந்தப் பாகத்தின்மேல் டீசல் எதுவும் படாமல் மறைக்கிற தகடு அது. எப்படியும் சற்று நேரத்தில் வழியில் நட்டைத் திரும்பத் தொடத்தான் போகிறேன், அதற்காக இன்னொரு தடவை கழற்றி மாட்டுவானேன் என்று என் பையில் போட்டுக்கொண்டேன். அங்கேயே மாட்டிக் கொடுத்துவிட்டால் முழு உதவியாக இருக்கும். முந்தின டீசல் வண்டிகளில் எல்லாம் அந்தத் தகடு அதனதன் இடத்தில் இருந்தது. அன்று மட்டும்தான் இல்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு வருஷம் அந்த மேசையில் இருந்தவன்.

பூபாலன் எட்டிப் பார்த்தான். அவனுக்கு என் வழக்கம் தெரியும். “நைனா, மஞ்ச வெக்கலயே?”

“நேரமாவுது, கெளம்புப்பா,” என்றேன்.

அதிலும் பொய் இல்லை. நேரமாகிக்கொண்டுதான் இருந்தது.

நான் மொபெட்டில் பின்னால் போனேன். வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தாண்டினால் சாலை ஓரம் சவுக்குத் தோப்பு ஒன்று இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் முன்னால் அரைக் கிலோமீட்டர் நேராகத் தெரியும். என் கணக்கு சரியாக இருந்தது. கார் தூரத்தில் ஓரமாக நின்றிருந்தது. பானெட்டிலிருந்து வெள்ளைப் புகை. அது எதிர்பார்த்ததுதான், டீசல் ஆவி. மொபெட்டை நிறுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பூபாலன் இறங்கி முன்பக்கம் போவது தெரிந்தது. பானெட்டைத் தூக்கினான். பிறகு புகை கறுப்பாயிற்று. மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிடம் ஆகியிருந்தது.

நான் பெருமாள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஒன்றைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

பத்து நிமிடமும் நின்றேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏழாவது நிமிடமே கிளம்பிவிட்டேன்.

நான் போவதற்கு முன்னால் சந்திரம்மா போய்விட்டாள். அங்கே சாலை ஓரத்தில் இளநீர் விற்கிறவள். அவளுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தக் குடும்பத்தையும் தெரியாது. இளநீர்க் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடியிருக்கிறாள். ஓரத்துப் பக்கக் கதவு சாலைத் தடுப்பில் முட்டித் திறக்காததால், கத்திப் பிடியால் கண்ணாடியை உடைத்து, செல்லம்மாவை ஜன்னல் வழியாக இழுத்துப் போட்டிருக்கிறாள். பிறகு சுற்றிப் போய், உள்ளிருந்து திறக்காத அந்தக் கதவின் பிடியை, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு வெளியிலிருந்து திறந்திருக்கிறாள். திறந்துவிட்டாள். ஆனால் கவியா புகையில் போய்விட்டிருந்தாள். பூபாலன் இரண்டு கையும் தோல் உரிந்து தரையில் கிடந்தான்.

என்னிடம் தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. எப்போதும் எடுத்துப் போவேன். அவன் கையில் ஊற்றினேன். அவன் என்னைப் பார்த்து, “வந்துட்டியா நைனா,” என்றான். அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். அந்த வாத்தியார் குரலைப் போலவே இருந்தது.

சந்திரம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் புடவை கருகியிருந்தது. “அந்தத் தோப்பாண்ட நின்னுகினு இருந்தது நீதான?” என்று கேட்டாள். நான் காலிப் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தேன். அவளை நீங்கள் விசாரித்தீர்களா என்று தெரியாது. கேட்டால் சொல்வாள். மறுநாள் நானே தீக்காயத்துக்கு மருந்து வாங்கிக்கொண்டு அவள் கடைக்குப் போனேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். சிலருக்கு மற்றவர் உதவியை ஏற்கிற மனசு இருப்பதில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அவள்மேல் கொஞ்சம் மனத்தாங்கலும் உண்டு. ஒரு வேண்டுதலும் இல்லாமல், ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் ஓடியவள். அது எப்படி ஒருவரால் முடியும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

எல்லோரையும் ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு ஷெட்டுக்குத் திரும்பினேன். மூன்று மணி ஆகியிருந்தது. கையைக் கழுவினேன். பெஞ்சில் டப்பா இருந்தது. அன்றைய உதவி ஆகிவிட்டது, அவன் கையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். உட்கார்ந்து சாப்பிட்டேன். எலுமிச்சம் சாதம் நன்றாகத்தான் இருந்தது. உப்பு மட்டும் ஒரு கல் குறைவு. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். செல்லம்மாவிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். கவியாவின் அப்பா சின்னையன், மருமகன்தான் பெண்ணைக் கொளுத்திவிட்டான் என்று எழுதிக் கொடுத்தார். பெண்ணைப் பறிகொடுத்தவர், அவரைக் குறை சொல்லக் கூடாது. பூபாலனும் மறுக்கவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட கையோடு படுத்துக்கொண்டு எல்லோரிடமும் ஒன்றையே சொன்னான். என்னிடமும் சொன்னான். “நான்தான் நைனா கொன்னுட்டேன். வாசனை வந்துச்சு. நட சாத்திடுவாங்கன்னு மிதிச்சிட்டேன்.”

நான் கஞ்சியை ஆற்றி அவன் வாயில் ஊட்டினேன். இரண்டு கையாலும் ஒன்றும் பிடிக்க முடியாதவன். தினமும் காலையில் பஸ் பிடித்துப் போவேன். முகம் கழுவிவிடுவேன். தலை சீவிவிடுவேன். செல்லம்மாவுக்கு டீ வாங்கித் தருவேன். அந்த மாலை தப்பித்துவிட்டது அம்மா. செல்லம்மா மஞ்சள் பையைக் கையில் பிடித்தபடியேதான் வெளியே வந்திருக்கிறார். அதை நான்தான் கொண்டுபோய்த் திருவிடந்தையில் சேர்த்தேன். ஜோடியாகப் போய்க் கொடுக்க வேண்டியது. பெருமாள் புரிந்துகொள்வார். வார்டில் நர்ஸம்மாக்கள்கூட, பெத்த அப்பன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்றார்கள். பதினெட்டு நாள். ஒரு நாள்கூட நான் பட்டினி கிடக்கவில்லை. சர்க்கரைகூடக் குறைந்திருக்கிறது.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று உங்கள் முகம் கேட்கிறது. யாரும் கேட்கவில்லை. கேட்காமல் போய்ச் சொன்னால் என் மனபாரத்தை இறக்குவதற்காகச் சொன்னதாகும். அது சுயநலம். அதில் யாருக்கு உதவி?

இன்று காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டில் காலியாக இருந்தது. அவனை ரிமாண்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் என்றார்கள். கஞ்சித் தூக்கோடு வாசலில் நின்றேன். யாருக்காவது கொடுக்கலாம் என்றால், அங்கே எல்லோருக்கும் யாரோ ஒருவர் இருந்தார்கள். அப்போதுதான் உங்கள் காவலர் போன் செய்து ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். வந்ததிலிருந்து இங்கேயும் உதவ யாராவது கிடைப்பார்களா என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தண்ணீர்க் கேனை மாற்றப் போனேன், குமார் தம்பி தடுத்துவிட்டார். மணி ஐந்தரை ஆயிற்று. அப்போது நீங்கள் கேட்டீர்கள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பூபாலன் ஒன்றும் செய்யவில்லை. வண்டி நிற்க வேண்டும் என்று நட்டை இறுக்காமல் விட்டது நான். தகட்டைப் பையில் வைத்துக்கொண்டது நான். புகை கறுத்த பிறகும் மணி பார்த்துக்கொண்டு நின்றது நான். தகடு இன்னும் அந்தப் பையில்தான் இருக்கிறது, ஷெட்டில் பெருமாள் படத்துக்குக் கீழே. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவனை வெளியே விட்டுவிடுங்கள். நான் சொன்னதால்தான் விட்டார்கள் என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், சந்தோஷப்படுவான்.

என்னைப் பற்றி வருத்தப்பட வேண்டாம். நாளைக்கு என்னை அனுப்பப்போகிற இடத்தில் நிறையப் பேர் இருப்பார்களாம். யாருமில்லாதவர்கள், தவிக்கிறவர்கள். இனி எனக்குச் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டிய கவலை இல்லை.

எழுதியாயிற்றா? உங்களுக்கு இது பெரிய உதவி, இல்லையா அம்மா? அப்படியானால் குமார் தம்பியை அந்த இட்லியை இந்தப் பக்கம் நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.